மத்தியான மாத்திரை

அந்த முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது சுனாமி வந்ததற்கு முந்தைய வருடம். கம்பத்திலிருந்து கூடலூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மஞ்சள் அடித்த நீளமான கட்டடம். ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால். முப்பது பேர்வரை இருந்தார்கள். அதில் பாதிப் பேருக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது.

நான் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருடம் உதவி நர்ஸ் பயிற்சி எடுத்தவள். மலம், மூத்திரம், சீழ், வாந்தி எதற்கும் முகம் சுளிக்க மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது. ஆண்கள் ஹாலில் மூன்றாவது கட்டிலுக்கு ஒரு பெரியவர் வந்து சேர்ந்த இரண்டாவது வாரம் அந்தப் பெருமை போயிற்று.

கூடலூர்க்காரர். எழுபத்தைந்து வயதிருக்கும். உடம்பெல்லாம் வற்றி, கைகள் மட்டும் பெரிதாக இருந்தன. மகள்தான் கொண்டுவந்து விட்டாள். அவளுக்குக் குமுளிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை. விடிவதற்குள் ஜீப் ஏற வேண்டும். அப்பாவை வீட்டில் வைத்துப் பூட்டினால் கதவை உடைக்கிறார், பூட்டாமல் போனால் காணாமல் போய்விடுகிறார். "இங்கன கொஞ்ச நாள் இருக்கட்டும்க்கா. ஏதாச்சும் வழி பண்ணிட்டு வந்து கூட்டிக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் வாரம் பேசாமல் கிடந்தார். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருந்த நேரத்தில், கக்கூஸ் பக்கமிருந்து கடுமையான நாற்றம் வந்தது. போய்ப் பார்த்தேன். அவர் இடுப்பில் துணியில்லாமல் குந்தி உட்கார்ந்திருந்தார். தன் மலத்தையே கையில் எடுத்து, சுவரும் தரையும் சேர்கிற இடத்து இடுக்கில் வைத்துப் பூசிக்கொண்டிருந்தார். ஏனோதானோவென்று இல்லை. கட்டைவிரலால் உள்ளே அழுத்தி, உள்ளங்கையால் தட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். நகக்கண் பூராவும், முழங்கைவரை, தாடையில் எல்லாம் அப்பியிருந்தது.

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் தள்ளினார். தள்ளிய கை என் கழுத்தில் பட்டது. அந்தப் பிசுபிசுப்பு தோலில் பட்டதும் எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, ஓங்கி அவர் கன்னத்தில் அறைந்தேன்.

அவர் அழவில்லை. "தள்ளு ஆத்தா, தள்ளு. போயிரும். அம்புட்டும் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி சுவரிடம் திரும்பினார். மூளை குழம்பியவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் மூன்று தடவை குளித்தேன். கழுத்தைச் செங்கல் துண்டு வைத்துத் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும் அதே நேரம், அதே இடம். பழைய சேலையைக் கிழித்து அவர் கைகளைக் கட்டில் கம்பியோடு கட்டினோம். கட்டினால் கத்தினார், உதைத்தார், பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் ஓர் அரசாங்க ஆபீஸில் சூப்பரிண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சத்தம் ஆகாது. வியாழக்கிழமை தோறும் வருகிற டாக்டரிடம் சொன்னார். டாக்டர் ஹால் வாசலில் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். மூன்றாவது கட்டில் எது என்று மட்டும் கேட்டார். அங்கே நின்றபடியே ஒரு மாத்திரை எழுதினார்.

அது புதிய மாத்திரை இல்லை. ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான். கத்துகிறவருக்கும் அதுதான், அழுகிறவருக்கும் அதுதான், கேட்டைப் பிடித்து ஆட்டுகிறவருக்கும் அதுதான். சோற்றுக்குப் பிறகு கொடுப்பதால் மத்தியான மாத்திரை என்று பேர். ஒரு தட்டில் வரிசையாக வைத்து எடுத்துக்கொண்டு போவேன், கோயிலில் சுண்டல் கொடுக்கிற மாதிரி.

மாத்திரை வேலை செய்தது. பெரியவர் பூசுவதை நிறுத்தினார். நடப்பதையும் நிறுத்தினார். ஊட்டிய சோறு கடைவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் காய்ந்தது. எச்சில் தலையணையை நனைத்தது. மலம் இப்போது அவருக்கு அடியிலேயே கிடந்தது. யாராவது போய்ப் புரட்டினால்தான் தெரியும். ஹால் அமைதியாக இருந்தது. பொறுப்பாளர் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதை எல்லாம் சொல்வதில் நியாயமில்லை.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாச்சுளை வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். முதலில் வேறு யாரோ படுத்திருப்பதாக நினைத்துப் பக்கத்துக் கட்டிலைத் தேடினாள். பிறகு புரிந்துகொண்டு என்னிடம் வந்தாள்.

"நடந்து வந்த மனுசன்க்கா. என்ன பண்ணி வச்சிருக்கீக?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் என்ன செய்தார் என்பதை ஒன்றுவிடாமல், வேண்டுமென்றே அசிங்கமான வார்த்தைகளில் சொன்னேன். அவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் வெட்கப்படவில்லை.

"எங்கன பூசுனாக? காட்டுங்க."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பினாயில் ஊற்றித் தேய்த்தும் கறை போகாத அந்த இடுக்கின் அருகே குனிந்தாள். காதைச் சுவரில் வைத்தாள்.

"தண்ணி ஒழுகுதே. கேக்கலையா ஒங்களுக்கு?"

நானும் காதை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் குழாய் கசிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாளாகக் கசிகிறதோ. தினம் பத்து முறை அந்த வழியாகப் போகிறேன், ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை.

"அய்யா கால்வாய் லஸ்கர்க்கா, மதகு தொறந்து மூடுற காவலு" என்றாள். "முப்பது வருசம் மதகுலதான் கெடந்தாக. ஷட்டர்ல கசிவு கண்டா களிமண்ணும் வைக்கலும் பெசஞ்சு வச்சு அடைப்பாக. ஒருவாட்டி அசந்து தூங்கிட்டாக, கரை ஒடஞ்சு, அறுக்க வேண்டிய நெல்லு பூராம் போச்சு. அதுக்கப்பறம் தண்ணி சத்தம் கேட்டா உக்கார மாட்டாக. வீட்டுல கொழா சொட்டுனாக்கூட எந்திரிச்சுப் போவாக."

சுவரில் கை வைத்தபடி நின்றேன். எனக்கு ஏதோ ஞானம் வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அருவருப்புதான் வந்தது. இந்தத் தடவை அவர் மேல் இல்லை. அவரைச் சேர்க்கும்போது நிரப்பிய படிவம் ஞாபகம் வந்தது. சர்க்கரை இருக்கிறதா, ரத்தக்கொதிப்பு இருக்கிறதா, இறந்தால் உடலை யாரிடம் ஒப்படைப்பது என்றெல்லாம் கேட்டிருந்தோம். நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. களிமண்ணைத் தேடிய மனிதருக்குக் கையில் கிடைத்தது அதுதான். நாங்கள் அதற்காக அவரை அறைந்து, கட்டிப்போட்டு, மருந்து கொடுத்துப் பிணம் மாதிரி ஆக்கி வைத்திருந்தோம்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கொறைச்சு நிறுத்துங்க. கத்துனா உங்க பாடு" என்றார். கேட்டிருந்தால் முன்னாலேயே நிறுத்தியிருப்பார் போலிருக்கிறது. குழாயைப் பற்றிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "பாப்போம்மா" என்றார். அவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்து, எங்கள் ஊர்ப் பிளம்பர் ஒருவரைக் கூட்டிவந்து நானே சரிசெய்ய வைத்தேன்.

ஒரு வாரத்தில் பெரியவர் கண் திறந்து பார்த்தார். இரண்டாவது வாரம் கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்து நடக்கத் தொடங்கியதும் மத்தியானம் ஆனால் நிலை கொள்ளவில்லை, கதவோரம், ஜன்னலோரம் என்று தடவிக்கொண்டே போனார். நான் வாய்க்காலிலிருந்து ஒரு வாளி களிமண் எடுத்துவந்தேன். கையில் கொஞ்சம் வைக்கோல். அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன். துணி துவைக்கிற கல்லிலிருந்து தென்னைகளுக்கு ஒரு சின்ன வாய்க்கால் ஓடும்.

அவர் வாளிக்குள் கையை விட்டார். ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். "மணலு கலந்திருக்கு. நிக்காது" என்றார். மூன்று மாதத்தில் அவர் பேசி எனக்குப் புரிந்த முதல் பேச்சு அது.

"வேற எங்கன எடுக்கட்டும்யா?"

"ஆழத்துல எடுக்கணும் ஆத்தா. மேமண்ணு ஆகாது."

மறுநாள் ஆழத்திலிருந்து எடுத்துவந்தேன். வைக்கோலை மடித்து வைத்து, மேலே மண்ணை அப்பி, முழங்காலால் அழுத்தி, அந்தச் சின்ன வாய்க்காலை அடைத்தார். தண்ணீர் தேங்கி நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே ஒரு பக்கம் விரலால் வெட்டி விட்டார். தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்தது. மறுபடி அடைத்தார். வெயில் இறங்குகிறவரை அதுதான் வேலை. முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு டீ கேட்டார். நான் கழுவிவிடக் கிட்டே போனபோது முகத்தை வெடுக்கென்று திருப்பி முழங்கையால் மறைத்துக்கொண்டார். என் பெயர் தெரியாது, நான் யார் என்று தெரியாது. என் கையை மட்டும் அவர் உடம்பு ஞாபகம் வைத்திருந்தது. அன்றிலிருந்து தண்ணீர்ச் செம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொள்வேன்.

அதற்குப் பிறகு அவர் சுவரில் ஒருமுறைகூடப் பூசவில்லை.

அடுத்த கட்டிலில் உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். துணி மாற்றப் போனால் கடிப்பார். இரண்டு ஆயாக்களின் மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு உண்டு. கடிக்கிற பாய் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். அவர் மகனுக்குப் போன் செய்து, அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்டேன். மகன் ஆச்சரியப்பட்டார். யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.

"அத்தா கடைக்கு வந்தா மொதல்ல ஒளு செஞ்சிட்டுத்தான் துணியத் தொடுவாக. அம்புட்டு சுத்தம். பெத்த பிள்ளைக நாங்களே அவுக முழங்காலுக்கு மேல பாத்ததில்ல" என்றார்.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதுதான் ஒளு. நாங்களோ, படுக்கையை நனைக்கிறார் என்று அவருக்கு மத்தியானத்திலிருந்தே தண்ணீர் கொடுப்பதில்லை. கைலியை முப்பது கண்கள் பார்க்க, ஹாலின் நடுவே, பெண்கள் அவிழ்த்து மாற்றினோம். கடிக்காமல் என்ன செய்வார்?

ஒரு கொடி கட்டிப் பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டேன். அவருக்குத் துணி மாற்ற இல்லத்துத் தோட்டக்காரரை ஏற்பாடு செய்தேன். வேளைக்கு வேளை ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு பேசினும் கட்டிலருகே வைத்தேன். முறை எல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஒரு கையையே ஐந்தாறு முறை கழுவுவார். ஆனால் கழுவும்போது முகம் அப்படியே தளர்ந்துவிடும். ஒரு வாரத்தில் கடிப்பது நின்றது. தோட்டக்காரரைக் கடைப்பையன் என்று நினைத்துக்கொண்டு, "அந்த மல்லுத்துணிய மடிச்சு வையி" என்பார். அவரும் போர்வையை மடித்து வைப்பார்.

இதெல்லாம் பொறுப்பாளருக்கு முதலில் பிடிக்கவில்லை. கொல்லையில் சேறு என்று திட்டினார். ஆனால் இல்லத்துக்கு உதவி செய்கிறவர்கள் மதுரையிலிருந்து வரப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும் அவர் பேச்சு மாறியது. நான் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்காக இரண்டு நாள் லீவில் போனேன். திரும்பிவந்த காலையில் வராந்தாவில் ஒரு துணி பேனர் தொங்கியது. மண் சிகிச்சை என்று எழுதியிருந்தது.

பேனருக்குக் கீழே பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பேசின், பேசினில் களிமண். எல்லோருக்கும் புதுத் துண்டு போர்த்தியிருந்தார்கள். ஒரு அம்மாள் களிமண்ணை லட்டு என்று நினைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வழிந்தது. எதிரே பட்டுச்சேலையும் வெள்ளைச் சட்டையுமாக வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

லஸ்கரை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் அவர் கையைப் பிடித்துக் களிமண்ணுக்குள் அமுக்கினார். "அடைங்கய்யா. அடைச்சுக் காட்டுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

பெரியவர் பேசினைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"தண்ணி எங்கன?"

"சும்மா அடைங்கய்யா."

"தண்ணியே இல்லாம எத அடைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். வந்திருந்த ஒருவர், "குழந்தை மாதிரி பேசுறாரு பாருங்க" என்றார். அந்த வராந்தாவில் புத்தியோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஜவுளிக்கடைப் பெரியவர் கடைசி நாற்காலியில் இருந்தார். இரண்டு கையிலும் சேறு. அதைச் சட்டையில் துடைத்தார், போகவில்லை. துண்டில் துடைத்தார், தாடியில் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. வாய்விட்டு அழவில்லை, கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. நான் அவரை எழுப்பிக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். எவ்வளவு ஊற்றியும் போதவில்லை அவருக்கு. கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

வந்தவர்கள் போனதும் பொறுப்பாளர் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். நடுவில் புகுந்து நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டேனாம்.

"சார், மண்ணு அந்த ஒரு அய்யாவுக்குத்தான். பாய் அத்தாவுக்கு அது அசிங்கம் சார்."

"ஒருத்தருக்குக் கேட்டா எல்லாருக்கும் கேக்காதா? மாத்திரை எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா குடுக்குற?"

"அதுதான் சார் தப்பு."

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

அடுத்த நாளிலிருந்து என்னைத் துணி துவைக்கிற இடத்துக்கும் பெண்கள் ஹாலுக்கும் மாற்றினார். ஆண்கள் ஹாலுக்குள் போகக்கூடாது என்றார். பேனரைக் கழற்றி மடித்து வைத்தார்கள். வராந்தா அழுக்காகிறது என்று களிமண் வாளியைக் குப்பையில் கவிழ்த்தார்கள். மத்தியானத் தட்டு மறுபடி ஆண்கள் ஹாலுக்குள் போனது.

பத்து நாளில் துவைக்க வந்த விரிப்பில் சீழ் வாடை வந்தது. எந்தக் கட்டில் விரிப்பு என்று எனக்குத் தெரியும். ஆயாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் லஸ்கரைப் புரட்டிப் பார்த்தேன். இடுப்பெலும்புக்கு மேல் ஒரு ரூபாய் அளவுக்குப் புண், சுற்றிலும் கறுத்திருந்தது. மலமும் சீழும் சேர்ந்து துணியோடு ஒட்டியிருந்தன. ஹால் அமைதியாக இருந்தது. சுவரில் மதுரைக்காரர்கள் கொடுத்த புதுக் கடிகாரம் ஓடியது.

அன்று கம்பம் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகளுடைய பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொன்னேன். உடனே வந்து கூட்டிப்போ என்றேன். புண்ணைப் பற்றிச் சொன்னேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், "மொதல்ல நான் அவர அடிச்சேன் தங்கச்சி. கன்னத்துல" என்றேன்.



"நானும் அடிச்சிருக்கேன்க்கா" என்றாள். "அதுக்குப் பயந்துதான் அங்கன கொண்டாந்து விட்டேன்."

மறுநாள் ஜீப்பில் வந்தாள். தோட்ட வேலையை விட்டுவிட்டு, பகலில் வீட்டுக்கு வந்து போக முடிகிற மாதிரி பக்கத்திலேயே திராட்சைக் காட்டு வேலைக்குப் போனாள். நான் வாரம் இரண்டு தடவை போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்தேன். ஆறுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை போகும். ஒரு நெல் அறுவடை முடிகிறவரை அவர் அந்த ஓடையை அடைத்தும் திறந்தும் கொண்டிருந்தார். காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டார். ஜவுளிக்கடைப் பெரியவர் இல்லத்திலேயே இறந்தார். கடைசிவரை தோட்டக்காரர் அவருக்குச் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவரை யாரும் தடுக்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

நான் அந்த வேலையை விட்டுத் தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். நோயாளிகள் காத்திருக்கிற இடத்தில் ஒரு நோட்டீஸ் கட்டு கிடந்தது. அந்த இல்லத்தின் விளம்பரம். மருந்தில்லாத நவீன மண் சிகிச்சை என்று மேலே போட்டு, கீழே போட்டோ. போட்டோவில் லஸ்கர் மடியில் பேசினோடு உட்கார்ந்து, தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். செத்துப்போன மனிதர்.

வாயில் எச்சில் ஊறி, வெளியே போய்த் துப்பினேன். அவர் மகளுக்குச் சொன்னேன். அவள் மறுநாளே இல்லத்துக்குப் போய், படத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். பொறுப்பாளர், "உங்க அப்பாவுக்கு இது பெருமைதானம்மா" என்றாராம். அவள் மேசை மேலே இருந்த நோட்டீஸ் கட்டுகள் அத்தனையையும் அள்ளிச் சாக்கில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். பொறுப்பாளர் கேட்வரை பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாராம்.

"எங்க அய்யா படத்த மட்டும் வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த அடுப்பு பத்த வைக்க வச்சுக்கிட்டேன்க்கா" என்றாள். "ஒரு மாசத்துக்கு வந்துச்சு."